முப்பத்தஞ்சு மார்க் கணக்கு

(ஓரகடம் பகுதியில் மாணவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு வந்த இடங்கள் அப்படியே விடப்பட்டுள்ளன.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது எதைப் பற்றிப் பேசப் போறேன்னு கேட்டாங்க. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பற்றின்னு சொன்னேன். ஒரு தோழர் சிரிச்சிட்டார். "பஞ்சமி நிலம் பேசணும், காண்ட்ராக்ட் முறை பேசணும், சங்க உரிமை பேசணும். இதுக்கு நடுவுல டியூசன் வாத்தியார் வேலை எதுக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பேசப்போவது முழுக்க அதற்கான பதில்தான்.

முதலில் என் கதை. நான் 2013இல் பத்தாம் வகுப்பு எழுதினேன். சமச்சீர்க் கல்வி வந்து இரண்டாவது வருசம். கணக்குப் புத்தகத்தில் 12 அத்தியாயம். அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் வகுப்பில் ஒரு பட்டியல் வாசிச்சாங்க. 'மெல்லக் கற்போர்' பட்டியல். என் பேரும் இருந்தது. பட்டியலில் இருந்தவங்களை எல்லாம் சாயந்திரம் தனி அறையில் உட்கார வெச்சாங்க. உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு சிலரைத் தவிர எல்லாரும் எங்க தெரு, பக்கத்து ஊர்ச் சேரி, செங்கல் சூளையிலேர்ந்து வர்ற பசங்க. யாரும் சாதி கேட்டுப் பட்டியல் போடலை. மார்க்கைப் பார்த்துத்தான் போட்டாங்க. ஆனா அறைக்குள்ள உட்கார்ந்திருந்தது சேரிதான்.

அந்த அறையில் நடந்த பாடம் இதுதான். அப்போதைய வினாத்தாள் அமைப்பில் செய்முறை வடிவியலுக்கு 10 மார்க், வரைபடத்துக்கு 10 மார்க். இந்த இருபதும் கையில் இருந்தா, மீதி பதினஞ்சை ஒரு மார்க் கேள்வியிலும் அணிகள், கணங்களிலும் எடுத்துடலாம். "அதை மட்டும் பாரு. முக்கோணவியலைத் தொடாதே. இயற்கணிதம் உனக்கு வேணாம்." நாற்பது நாள் ஒரே வட்ட நாற்கரத்தை வரைஞ்சோம். பென்சிலைக் கூரா சீவிக்கினு, அட்டவணை போட்டு, புள்ளி வெச்சு, பரவளையத்தைக் கைப்பழக்கத்துல வளைச்சோம். ஏன் அது வளையுதுன்னு யாரும் சொல்லலை. நாங்களும் கேக்கலை. எனக்கு 47 வந்தது. வீட்டில் கேசரி கிண்டினாங்க.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்றேன். சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமைகூட வந்தார். சொந்தக் காசில் கிராப் ஷீட் வாங்கிக் கொடுத்தார். எங்களை எப்படியாவது பாஸ் பண்ண வெச்சிடணும்னு உண்மையாகவே ஆசைப்பட்டார். அவருக்கு மேலே தேர்ச்சி விழுக்காடு கேட்கிற அதிகாரி இருந்தார். அவருக்கும் மேலே ஒருத்தர். எல்லாரும் சேர்ந்து எங்களைக் காப்பாத்தினாங்க. காப்பாத்தி எங்கே கொண்டுவந்து விட்டாங்கன்றதைச் சொல்றேன்.

மார்க் சீட்டோட பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர்ந்தேன். முதல் வருசம் எம்-ஒன், எம்-டூன்னு கணக்கு. அதில் என்ன வரும்? முக்கோணவியல், இயற்கணிதம், வகையிடல். பத்தாவதில் எதையெல்லாம் 'உனக்கு வேணாம்' என்று ஒதுக்கினாங்களோ அத்தனையும் முதல் மாசத்திலேயே எதிரில் வந்து நின்னுது. அணிகள் எனக்குத் தெரியும். ஆனா அதை வெச்சு சமன்பாடு எப்படித் தீர்க்கிறதுன்னு தெரியாது. எம்-ஒன் அரியர் மூணு தடவை எழுதினேன். டிப்ளமோ முடியலை. அதே அறையில் என்கூட உட்கார்ந்திருந்தவங்க எத்தனை பேர் டிப்ளமோ முடிச்சாங்கன்னு விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமாயிருந்தது.

பிறகு இந்தச் சாலையில்தான் வேலை. பேர் சொல்ல வேண்டாம், ஒரு உதிரிப்பாகக் கம்பெனி. காண்ட்ராக்ட். என் வேலை கேஜ் வெச்சு அளந்து, அரை மணிக்கு ஒரு தடவை சார்ட்டில் புள்ளி வைக்கிறது. நடுவில் ஒரு கோடு, மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒன்று. தொடர்ச்சியா ஏழு புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தா ஆளைக் கூப்பிடணும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. ஒரு ராத்திரி ஷிப்டில் ஏழு புள்ளி அப்படி விழுந்தது. சூப்பர்வைசர் பையன் வந்தான். என் வயசுதான். பார்த்தான், யோசிச்சான், டூல் தேய்ஞ்சிருக்குன்னான். "ஏழுன்னு எப்படிங்க சொல்றாங்க? ஆறு விழுந்தா என்ன?" என்று கேட்டேன். "அது நிகழ்தகவு. உனக்கு எதுக்கு?" என்று போய்விட்டான்.

உனக்கு எதுக்கு. பத்தாவதில் கேட்ட அதே வார்த்தை.

பிறகு நானே தேடிப் படிச்சேன். காசு சுண்டுற கணக்குதான். ஒரு புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே விழ பாதி வாய்ப்பு, கீழே விழ பாதி வாய்ப்பு. ஏழு புள்ளியும் வரிசையா மேலேயே விழ வாய்ப்பு 128இல் ஒன்று. அதனால்தான் அதைத் தற்செயல் என்று நம்பக்கூடாது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவு அத்தியாயத்தில் இருக்கிற விசயம் இது. அந்த அத்தியாயத்தை என் புத்தகத்தில் திறக்கவே இல்லை. புள்ளி வைக்கிற கை என்னுடையது, படிக்கிற கண்ணு வேறொருத்தனுடையது. இந்தப் பிரிவினையை நாம் வேறு எங்கேயாவது பார்த்ததில்லையா தோழர்களே?

பார்த்திருக்கிறோம். அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கூப்பிட்டார். கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். அவர் தொட்டால் தீட்டு என்று அலறியடித்து ஓடிப்போய் டப்பாக்களை எடுத்த பிறகுதான் அவரால் பலகையைத் தொட முடிந்தது. தனஞ்செய் கீர் எழுதிய வரலாற்றில் இது வருகிறது. அதே அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேசன் தேறியபோது வாங்கியது 750க்கு 282. கணக்குப் போட்டுப் பாருங்க, நூத்துக்கு முப்பத்தெட்டுகூட இல்லை. அந்த மார்க்கை வெச்சு ஒரு பட்டியல் போட்டிருந்தா பாபாசாகேப் அந்தப் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

நம்ம பக்கத்துக் கதை ஒன்றும் சொல்றேன். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் விடுதிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே நடத்தினார். 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது பரவியது. கற்பிக்கும் முறை எழும்பூரிலிருந்து கப்பலேறி லண்டன் போனது. ஆனால் திண்ணையிலிருந்து பத்தடி இறங்கிச் சேரிக்கு வரவில்லை. சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று ஆல்காட் பள்ளி திறந்தது 1894இல்தான். ஏறக்குறைய நூறு வருசம்.

ஆகவே 'கற்பித்தல் முறை' என்பது ஏதோ பி.எட். பாடத்தில் வருகிற சங்கதி என்று விட்டுவிடக்கூடாது. எந்த முறை யாருக்கு என்பதில் எப்போதும் அதிகாரம் இருந்திருக்கிறது. முன்பு பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது உள்ளே விட்டு, பாடத்துக்கு வெளியே நிறுத்துகிறார்கள்.

"இல்லைங்க, சில பசங்களுக்கு மண்டையில ஏறாது" என்று சொல்வார்கள். ஆசிரியர் ஓய்வறையில் சொல்வார்கள், நம் வீட்டிலும் சொல்வோம். இதற்குப் பதில் பிரேசிலில் இருந்து வந்திருக்கிறது. ரெசிபி என்கிற நகரத்தில் தெருவில் தேங்காய், பழம் விற்கிற ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 1985இல் வெளியான ஆய்வு. வாடிக்கையாளர் போலப் போய், ஒரு தேங்காய் 35 என்றால் நாலு தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். பன்னிரண்டு வயசுப் பையன், மூணு தேங்காய் 105, அதோட இன்னொரு முப்பத்தஞ்சு, ஆக 140 என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டான். பிறகு அதே பையனிடம் காகிதம் கொடுத்து 35ஐ நாலால் பெருக்கச் சொன்னார்கள். நாலஞ்சு இருபது, மீதி ரெண்டு, ரெண்டையும் மூணையும் கூட்டினா அஞ்சு, அஞ்சுநாலு இருபது. விடை 200 என்று எழுதினான். தெருவில் அந்தப் பிள்ளைகள் போட்ட கணக்கில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகள் வெறும் எண்களாகக் காகிதத்தில் வந்தபோது நூற்றுக்கு 37.

பையன் மண்டை அதே மண்டைதான். மாறியது என்ன? பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுத்த முறை. 'மீதி ரெண்டு' என்பது இரண்டு பத்து என்று யாரும் அவனுக்குப் புரியவைக்கவில்லை. சடங்கு மாதிரி மனப்பாடம் பண்ணினான். சடங்கில் ஒரு மந்திரம் மாறினால் எல்லாம் போச்சு. தேங்காய் விலையில் அவன் 200 என்று சொல்லியிருந்தால் வாங்க வந்தவர் சண்டைக்கு வந்திருப்பார், அவனே உடனே திருத்தியிருப்பான். காகிதத்தில் திருத்த ஆளில்லை, அர்த்தமும் இல்லை.

இது தூர தேசத்துச் சேதி என்று நினைக்காதீங்க. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை பார்க்கும் 1,400க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு 2025இல் வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலியவர்கள் செய்தது. அங்கேயும் அதே கதைதான். சந்தைக் கணக்கைப் பட்டென்று போடுகிற பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. சந்தைப் பக்கம் போகாத பள்ளிப் பிள்ளைகள் புத்தகக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் தானாக வருவதில்லை. யாராவது கட்ட வேண்டும். கட்டுகிற வேலைக்குப் பேர்தான் கற்பித்தல்.

எங்க நைனா கொத்தனார். அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடி மூலமட்டம் பார்ப்பார். கயிறை எடுத்து ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி குறிச்சு, குறுக்கே இழுத்தா அஞ்சடி வரணும். வந்தா மூலை சரி. சின்ன வயசிலேர்ந்து அந்தக் கயிறோட ஒரு முனையைப் பிடிச்சவன் நான். எட்டாவதிலும் பத்தாவதிலும் பிதாகரஸ் தேற்றம் வந்தபோது, இது நைனாவோட கயிறு என்று எனக்குத் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேட்கலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நம்ம மக்களுக்குக் கணக்கு ஏற்கெனவே தெரியும், எங்க ஆயா மரக்கால் கணக்கில் புலி" என்று பெருமை பேசி முடித்துக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போதாது தோழர்களே. நைனாவுக்கு மூணு-நாலு-அஞ்சு தெரியும். அது ஏன் சரியாக வருகிறது என்று தெரியாது. அஞ்சு-பன்னிரண்டு-பதிமூணும் வரும் என்று தெரியாது. அவர் கட்டின வீட்டுக்கு வரைபடம் போட்ட இஞ்சினியருக்கு அது தெரியும். கூலியில் வித்தியாசம் அங்கேதான். கயிறு நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, தேற்றமும் நம்முடையதாக வேண்டும்.

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கறுப்பினத் தோழர் இருந்தார். 2021இல் காலமானார். 1961 முதல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின விவசாயக் கூலிகளை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டத்தில் அடிபட்டு, சிறை சென்றவர். எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று சோதனை வைத்துக் கறுப்பர்களின் ஓட்டைப் பறித்த காலம் அது. அடிப்படையில் அவர் கணக்கு வாத்தியார். 1982இல் தன் மகள் படித்த பள்ளியில் போய் இயற்கணிதம் நடத்த ஆரம்பித்தார். அன்றைக்கு எழுத்தறிவு இல்லாதவனுக்கு ஓட்டில்லை, இன்றைக்கு இயற்கணிதம் தெரியாதவனுக்குப் பொருளாதாரத்தில் இடமில்லை, ஆகவே இதுவும் குடியுரிமைப் போராட்டம்தான் என்பது அவர் வாதம். 'இயற்கணிதத் திட்டம்' என்று அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்.

அவர் முறை ஐந்து படி. முதலில் பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் கூட்டிப்போவார். பிறகு பார்த்ததைப் படமாக வரையச் சொல்வார். பிறகு தங்கள் சொந்தப் பேச்சில் அதைச் சொல்லச் சொல்வார். பிறகு அந்தப் பேச்சில் கணக்குக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்வார். எந்தப் பக்கம், எத்தனை நிறுத்தம் என்று. கடைசியில்தான் குறியீடு. நம் பள்ளியில் முதல் நாளே கரும்பலகையில் எழுதுவது எதுவோ, அது அவரிடம் ஐந்தாவது படி.

எங்க மாலை மையத்தில் சுரங்க ரயில் ஏது? பஸ் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியா சிங்கப்பெருமாள்கோவில் போற பஸ். ஓரகடம் கூட்டுரோட்டை பூச்சியம் என்று வைத்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா பிளஸ், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் போனா மைனஸ். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்பிள்ளை ரொம்ப நாளா ஒரு கேள்வியோட இருந்தாள். "அண்ணே, மைனஸைக் கழிச்சா ஏண்ணே கூடுது? சார் கேட்டா ரூல்னு சொல்றாரு." பஸ்ஸை வரைஞ்சோம். நீ சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மூணாவது ஸ்டாப்பில் நிக்கிற. அது மைனஸ் மூணு. உங்க அத்தை வீடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரெண்டாவது ஸ்டாப். அது பிளஸ் ரெண்டு. அத்தை வீட்டுக்குப் போக எத்தனை ஸ்டாப்? "அஞ்சு." எந்தப் பக்கம்? "பிளஸ் பக்கம்." போய்ச் சேர்ற இடத்திலேர்ந்து கிளம்பின இடத்தைக் கழி. 2 − (−3) = 5. அவள் கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "அப்ப அது ரூல் இல்லண்ணே, தூரம்" என்றாள். மறுவாரம் அவளே கரும்பலகைக்குப் போய் ஏழாவது படிக்கிற பசங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு பிள்ளைக்குப் புரிந்ததை வெச்சு ஊரே மாறிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. அதே பிள்ளைக்கு பின்னம் இன்னும் தகராறு. ஒரு பஸ் வரைவதற்கு எங்களுக்கு இரண்டு சாயந்திரம் ஆனது. பள்ளியில் அந்த நேரம் இல்லை என்று ஆசிரியத் தோழர்கள் சொல்வார்கள், உண்மைதான். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் முறை வந்தது. 2022 முதல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கிறது. சின்ன வகுப்புகளில் அட்டை, மணி, குச்சி, விளையாட்டு எல்லாம் உண்டு. ஒன்பது, பத்து வந்ததும் பொதுத்தேர்வு வந்து எல்லாவற்றையும் தூக்கிப்போடுகிறது. வினாத்தாள் அமைப்பு மாறியது. இப்போது வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. முன்பு இருபதில் தொடங்கிய கணக்கைப் பதினாறில் தொடங்குகிறார்கள். முறை மாறவில்லை.

பாஸ் மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோற்ற பிள்ளையை மறுவாரமே கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போகும், பெண்பிள்ளை என்றால் கல்யாணம் பேசுவார்கள். அந்த 35 உயிர் காக்கும் மார்க். ஆனால் அதற்காக மீதி அத்தியாயங்களை மூடி வைப்பதை நாம் ஏற்கக்கூடாது. கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று, 'மெல்லக் கற்போர்' பட்டியலைப் போடும் பள்ளி, அதில் எந்தத் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன்னால் வைக்கட்டும். அந்தக் குழுவில் நம் ஆட்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டு, இயற்கணிதமும் முக்கோணவியலும் எந்தப் பிள்ளைக்கும் 'வேணாம்' என்று சொல்லப்படக்கூடாது. டிப்ளமோவுக்கும் இஞ்சினியரிங்குக்கும் வாசல் அங்கேதான். மூன்று, தப்பான விடை போட்ட பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, எப்படி யோசிச்சே என்று கேட்கிற வகுப்பு வேண்டும். 200 என்று எழுதிய அந்தப் பையனிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அஞ்சு நிமிசத்தில் தீர்ந்திருக்கும். நான்கு, நம் மாலை மையங்கள் இன்னொரு முப்பத்தஞ்சு மார்க் தொழிற்சாலையாக ஆகிவிடக்கூடாது. நம்மிலேயே எம்-ஒன் தேறியவர்கள் இருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு சாயந்திரம் கொடுங்கள்.

கடைசியாக, நிலம் பேசணும் என்ற தோழருக்கு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். இன்றைக்கு இந்தத் தடத்தில் நிலத்துக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். பட்டாவில் பரப்பு எப்படி எழுதியிருக்கிறது? ஹெக்டேர், ஏர் என்று. நாம் பேசுவது சென்ட். பட்டாவில் 0 ஹெக்டேர் 20 ஏர் என்று இருப்பதைப் பார்த்து, இருபது சென்ட்தானே என்று ஒருவர் கைநாட்டு வைத்தால் என்ன ஆகும்? ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். இருபது ஏர் 49 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. 29 சென்ட் போச்சு. துப்பாக்கி வேண்டாம், போலீஸ் வேண்டாம். விகிதம் தெரியாதது போதும்.

ஆகவே தோழர், கணக்கு நிலத்துக்கு வெளியே இல்லை. காண்ட்ராக்ட் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் சரியா என்று பார்க்கிறதும் இந்தக் கணக்குதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் உட்காருவோம். பசங்களைக் கூட்டிக்கினு வாங்க. வீட்டில் பட்டா நகல் இருந்தா எடுத்துட்டு வாங்க, சம்பளச் சீட்டு இருந்தா அதையும். எங்க நைனா கயிறோட வர்றேன்னு சொல்லியிருக்கார். மூணு-நாலு-அஞ்சு ஏன் சரியா வருதுன்னு அவருக்கும் தெரிஞ்சுக்கணுமாம்.

ஜெய்பீம்.